மருந்துக் கடையில் மருந்தாளுநர் பேச வேண்டும்

தமிழ்நாட்டில் போதை மாத்திரை பற்றிய செய்தி இல்லாமல் ஒரு வாரம் கழிவது அரிதாகிவிட்டது. வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர் இறந்தார், கல்லூரி வாசலில் மாத்திரை விற்றவர் சிக்கினார், மருந்துக் கடைக்கு சீல் வைத்தார்கள் என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறி மாறி வருகிறது. புற்றுநோய் எலும்புக்குப் பரவி இரவெல்லாம் துடிக்கும் தகப்பனுக்காக, மார்ஃபின் மாத்திரை தேடி மகன் ஊர் ஊராக அலைவதும் இதே தமிழ்நாட்டில்தான். அது செய்தியாவதில்லை.

இரண்டும் ஒரே மருந்துக் குடும்பத்தின் கதை. அபினிலிருந்து எடுக்கப்பட்ட மருந்துகளையும், அபினைப் போலவே நரம்பு மண்டலத்தில் வேலை செய்யும் மருந்துகளையும் ‘ஓபியாய்டு’ என்கிறது மருத்துவம். மார்ஃபின், கோடீன், ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால் ஆகிய எல்லாமே இந்தக் குடும்பம்தான். கடும் வலிக்கு இவற்றை விட்டால் வேறு கதியில்லை. அளவு மீறினால் மூச்சை அடக்கி உயிரை வாங்குபவையும் இவையே. இப்படிப்பட்ட மருந்து கடைசியாகக் கைமாறும் இடத்தில் நிற்பவர் மருந்தாளுநர். மருத்துவர் சீட்டு எழுதியதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. காவல்துறை வருவதோ எல்லாம் நடந்து முடிந்த பிறகு. நடுவில், மாத்திரை அட்டை நோயாளியின் கைக்குப் போகும் அந்த இரண்டு நிமிடம் மருந்தாளுநருக்கு மட்டுமே உரியது. அந்த இரண்டு நிமிடத்தை நாம் வீணடித்துக்கொண்டிருக்கிறோம்.

பிரச்சினையின் அளவைப் பார்ப்போம். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துகிறார்கள் என்றும், அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு அதிலிருந்து மீள உதவி தேவை என்றும் அது சொன்னது. ஹெராயினைப் பயன்படுத்துவோர் மக்கள்தொகையில் 1.14 சதவீதம் என்றால், கடையில் அட்டையாகக் கிடைக்கும் மருந்து வகை ஓபியாய்டுகளைப் பயன்படுத்துவோர் 0.96 சதவீதம். இரண்டுக்கும் இடைவெளி அவ்வளவுதான். எல்லை தாண்டி வரும் கடத்தல் சரக்குக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது, உரிமம் பெற்ற ஆலையில் தயாராகி, ரசீதுடன் லாரியில் வரும் மாத்திரைக்கும் கொடுத்தாக வேண்டும்.

மறுபக்கத்துக் கணக்கு இன்னும் கொடியது. வலி நிவாரணம் குறித்து ‘லான்செட்’ இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்திய நோயாளிகளின் தேவையில் சுமார் 4 சதவீத அளவுக்குத்தான் ஓபியாய்டு வலி மருந்து அவர்களைச் சென்றடைகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்துடன் அபின் பயிராகிறது. நீமுச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. உலகுக்கே அபின் ஏற்றுமதி செய்யும் நாட்டில், நம் நோயாளி வலியோடு சாகிறார். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையைக் கண்டு மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மார்ஃபினைக் கைவிட்டன. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் ‘இன்றியமையாத’ மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. சட்டம் தளர்ந்தாலும் கடைக்காரர்கள் மனதில் பதிந்துபோன அச்சம் இன்னும் போகவில்லை.

இந்த அச்சம் போதைக்கு எதிராகவாவது பயன்பட்டதா என்றால், அதுவும் இல்லை. டிரமடால் மாத்திரை போதைக்காக விற்கப்படுவது பெருகியதால், 2018 ஏப்ரலில் அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். உடனே சந்தை, அப்போது அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லாத டேபென்டடால் பக்கம் நகர்ந்தது. டேபென்டடாலையும், தசையைத் தளர்த்தும் மருந்தான காரிசோபுரோடாலையும் சேர்த்துத் தயாரித்த மாத்திரைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய் அங்கே இளைஞர்களைச் சீரழித்தது 2025 பிப்ரவரியில் அம்பலமானது. அதன்பின் ஒன்றிய அரசு அந்தக் கலவைக்கான உற்பத்தி, ஏற்றுமதி அனுமதிகளை ரத்து செய்தது. ஒவ்வொரு முறையும் மருந்து முன்னே போகிறது, சட்டம் பின்னே ஓடுகிறது. ஆனால், எந்த மாத்திரையை எந்த வயதுப் பையன்கள் திடீரென்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்பது கடையில் நிற்பவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் தானாக முன்வந்து சொல்வதற்கும் வழியில்லை.

ஒரு மாலை நேரக் கடை

நல்ல மருந்தாளுநர் என்ன செய்வார் என்பதை அண்மையில் ஒரு சிற்றூர்க் கடையில் பார்த்தேன். மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்களேயான ஒரு மூதாட்டி, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். சீட்டில் டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. அட்டையை எடுத்து வைத்த மருந்தாளுநர் பெண், அதைக் கவரில் போடாமல் கேட்டார்: “அம்மா, ராத்திரி தூக்கத்துக்கு வேற ஏதாச்சும் மாத்திரை போடுறீங்களா?”

“அது எப்பவும் போடுறதுதான் தாயி, நாலஞ்சு வருசமா” என்றபடி சுருக்குப் பையிலிருந்து பாதி தீர்ந்த அட்டை ஒன்றை மூதாட்டி எடுத்துக் காட்டினார். அல்பிரசோலம். எழுதியவர் வேறொரு மருத்துவர். அறுவை சிகிச்சை செய்தவரிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லையாம். உடம்பு வலிக்கு என்று பக்கத்துக் கடையில் வாங்கிய ‘செட்டு மாத்திரை’யும் பையில் இருந்தது. அதில் ஒன்று பாராசிட்டமால்.

அந்தப் பெண் மருத்துவருக்குப் போன் செய்தார். தூக்க மாத்திரையை என்ன செய்வது, வலி மாத்திரையை எந்த அளவில் கொடுப்பது என்று கேட்டுச் சீட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு பேரனிடம் திரும்பி, “தம்பி, செட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுடு. ஆயா ரொம்ப அசந்து தூங்குனா, எழுப்பியும் எழுந்திரிக்கலைன்னா, மூச்சு மெதுவா விட்டா, காலையில பாத்துக்கலாம்னு இருக்காதே. உடனே 108-க்குப் போன் பண்ணு” என்றார். கடைசியாக மூதாட்டியிடம் குரலைத் தாழ்த்தி மலச்சிக்கல் பற்றிக் கேட்டார். பின்னால் நின்ற இருவர், “சீக்கிரம் குடும்மா” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓபியாய்டும், அல்பிரசோலம் போன்ற பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து கூடும். 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன்னுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையை இவ்விரண்டின் அட்டைகளிலும் அச்சிடவைத்தது இதனால்தான். மது சேர்ந்தாலும் இதே ஆபத்து உண்டு. இரண்டு மருத்துவர்கள் எழுதிய இரண்டு சீட்டுகளும், சீட்டில்லாமல் வாங்கிய மூன்றாவது பொட்டலமும் ஒரே நேரத்தில் ஒருவர் கண்ணில் பட வாய்ப்புள்ள இடம் மருந்துக் கடைதான்.

மருந்தாளுநர் இப்படிப் பிடிக்கக்கூடியவை இன்னும் பல. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு டிரமடால் சேர்ந்தால் உடல் நடுக்கமும் படபடப்பும் வரலாம். வலிப்பு வரும் ஆபத்தும் கூடும். முன்பே வலிப்பு உள்ளவருக்கு இதைக் கொடுக்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். கோடீனை உடல் மார்ஃபினாக மாற்றுகிறது. சிலருடைய உடலில் அது மிக வேகமாக நடப்பதால் குழந்தைகளுக்கு மூச்சு நின்றே போகலாம். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீனும் டிரமடாலும் கூடாது என்று அமெரிக்க அமைப்பு 2017-இல் சொன்னது இந்தக் காரணத்தால்தான். வீட்டில் மீந்த இருமல் மருந்தைக் குழந்தைக்கு அரை மூடி ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் உள்ள நம் ஊரில், கோடீன் கலந்த பாட்டிலை விற்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது பெரும் தவறு. புற்றுநோயாளிக்குத் தரும் மெல்லக் கரையும் மார்ஃபின் மாத்திரையை, விழுங்க முடியவில்லை என்று வீட்டார் பொடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உடலில் இறங்கும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையின் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் மருந்து வேகமாக உள்ளே போகும். கழற்றி எறியும் பட்டையிலும் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவுக்கு மருந்து மிச்சமிருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி அதை மடித்துவிட வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

நாட்கணக்கில் சாப்பிட்டுவந்த ஓபியாய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முறுக்கும், வயிற்றுப்போக்கும் வியர்வையும் தூக்கமின்மையும் படுத்தும். அதைப் பார்த்து வீட்டார் அடிமையாகிவிட்டார் என்று பயந்துபோகிறார்கள். வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுபவரின் உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்காக மருந்தைத் துரத்துவது வேறு. இந்த வேறுபாட்டைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால், வலியைப் பொறுத்துக்கொண்டு மார்ஃபினை மறுக்கும் நோயாளிகள் குறைவார்கள்.

சுவரில் சான்றிதழ், நாற்காலி காலி

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, பதிவுபெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாரும் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ‘எச்1’ அட்டவணையில் கோடீன், டிரமடால், புப்ரெனார்ஃபின் போன்றவை சேர்க்கப்பட்டன. இவற்றை விற்றால் எழுதிய மருத்துவர், வாங்கிய நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்று 2015-இல் வந்த மருந்தியல் பணி ஒழுங்குமுறைகள் எழுத்திலேயே சொல்கின்றன.

நடைமுறையில் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது; சான்றிதழுக்கு உரியவர் வேறெங்கோ வேலை பார்க்கிறார். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சான்றிதழை வாடகைக்கு விடுவது மருந்துத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கடையில் நிற்பவர், மாத்திரைப் பெயரைப் படிக்கப் பழகிய ஊழியர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முறையாகப் படித்துக் கடையில் உட்கார்ந்திருக்கும் மருந்தாளுநருக்கோ சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இதன் வேர் பணத்தில் இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்குச் சில்லறை வணிகருக்கு 16 சதவீதம் லாபம் என்று 2013-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுத்திருக்கிறது. அதாவது, அட்டை விற்றால்தான் வருமானம். “இந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாம், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்” என்று சொல்லும் மருந்தாளுநர், உண்மையில் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடும். கல்லாவில் அது நட்டமாகத்தான் விழும். அறிவுரைக்குக் கூலி இல்லாத தொழிலில் அறிவுரை நிலைக்காது. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிக்கு ஓபியாய்டு எழுதப்பட்டால், அவருக்கு மருந்தாளுநர் தரும் ஆலோசனைக்கு ஒரு சிறு தொகையை அரசு கொடுக்கலாம். முதலில் கேட்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றும். நெஞ்சு ஊடுகதிர்ப் படத்துக்குக் கட்டணம் உண்டு, பேசுவதற்கு இல்லை என்பதுதான் எனக்கு மிகையாகத் தோன்றுகிறது.

போதைக்காக வரும் இளைஞனையும் இங்கே பேசியாக வேண்டும். மாத்திரை தர மறுத்த கடைக்காரர்கள் தாக்கப்பட்ட செய்திகள் வருகின்றன. தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் கடையில் இரவு ஒன்பது மணிக்கு நான்கு பேர் வந்து அட்டை கேட்டால், அவரிடம் போய்ச் சட்டம் பேச முடியாது. பல மாவட்டங்களில் ஆட்சியர்கள் மருந்துக் கடைகளில் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொல்லி உத்தரவிட்டார்கள். நல்லதுதான். ஆனால், கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். நடக்காமல் தடுக்க, கூப்பிட்டவுடன் வரும் காவல்துறை வேண்டும். அந்த இளைஞனும் ஒரு நோயாளி என்ற நினைப்பு நமக்கு வேண்டும். விரட்டினால் அடுத்த தெருவுக்குப் போவான். ‘14446’ என்ற கட்டணமில்லா எண்ணையும், போதை மறுவாழ்வு சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையின் பெயரையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கடையில் இருந்தால், நூறு பேரில் சிலராவது அதை வாங்கிப் பைக்குள் வைப்பார்கள்.

கெர்மிட் என்ற சிற்றூர்

மருந்துக் கடை கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்ற சிற்றூர் சாட்சி. மக்கள்தொகை 400-ஐ ஒட்டித்தான் இருக்கும். அங்கே ஒரே ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் வந்து இறங்கின. உள்ளூர்ப் பத்திரிகையாளர் எரிக் அயர் இதைத் தோண்டி எடுத்து 2017-இல் புலிட்சர் விருது பெற்றார். இத்தனைக்கும், முறையற்ற சீட்டுக்கு மருந்து கொடுத்தால் எழுதியவரோடு கொடுத்தவரும் பொறுப்பு என்பது அந்நாட்டு விதி. 2021-இல் அங்கே அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பான்மையோரைக் கொன்றது ஓபியாய்டு.

அமெரிக்காவின் இரண்டாவது தவறையும் நாம் பார்க்க வேண்டும். பழி வந்ததும் மருத்துவர்கள் சீட்டை வெட்டினார்கள். சில மருந்துக் கடைகள் உண்மையான வலி நோயாளிகளையும் சந்தேகக் கண்ணோடு திருப்பி அனுப்பின. திடீரென்று மருந்து நின்றுபோனவர்கள் வலியிலும் தற்கொலை எண்ணத்திலும் தவிக்கிறார்கள் என்று 2019-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்க நேர்ந்தது. ஓபியாய்டு மயக்கத்திலிருந்து உயிரை மீட்கும் நலாக்ஸோன் மருந்தை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக, சீட்டில்லாமல் கடையில் விற்க 2023 மார்ச்சில் அனுமதித்தார்கள். நம் ஊரில் நலாக்ஸோன் ஊசி மருத்துவமனையில் இருக்கும். தெருக்கடையில் காண்பது அரிது. மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் உள்ள ஊர்களிலாவது அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மருந்து விதிகளில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய எச், எச்1 அட்டவணை மருந்துகளைக் கொடுக்கும்போது சீட்டின் மேலேயே கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். மறுபடி கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் அதே சீட்டுக்கு இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது. உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். எத்தனையில் கடை முத்திரை இருக்கிறது? ஒரே சீட்டைக் காட்டி ஒரே மாலையில் ஆறு கடைகளில் வாங்க முடிவது இந்த முத்திரை விழாததால்தான். ஒரு ரப்பர் முத்திரையின் விலை என்ன? மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அடுத்த ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எச்1 பதிவேடு தாளில் இருக்கும்வரை பக்கத்துக் கடையில் நடப்பது இங்கே தெரியப் போவதில்லை. ரசீது போடும் கணினியிலேயே அதைப் பதிந்து, மாவட்ட அளவில் இணைப்பது இன்றைய தமிழ்நாட்டுக்குக் கடினமான வேலை இல்லை. நோயாளியின் பெயர் கண்டவர் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் மீந்துபோகும் மாத்திரைகளுக்கும் ஒரு வழி வேண்டும். காலாவதியான மருந்துகளை அகற்றுவது குறித்து ஒன்றிய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால், மார்ஃபின் உள்ளிட்ட 17 மருந்துகளைக் குப்பையில் போடாமல் கழிப்பறையில் கொட்டி நீரூற்றிவிடச் சொல்கிறது. தாத்தா இறந்த பிறகு அலமாரியில் கிடக்கும் அரை அட்டையைப் பேரன் எடுத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? மருந்தாளுநர் சொன்னால்தான் தெரியும்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 1,000 ‘முதல்வர் மருந்தகங்கள்’ திறந்தது. மருந்தியல் பட்டமோ பட்டயமோ பெற்றவர்களும், அவர்களின் ஒப்புதலோடு பிறரும் விண்ணப்பிக்கலாம் என்றது அரசு. ‘ஒப்புதலோடு பிறரும்’ என்ற பகுதியை நீக்கிவிட்டு, மருந்தாளுநர் கடையில் இருந்தே தீர வேண்டும் என்ற விதியை அரசு தன் திட்டத்திலிருந்தே தொடங்கலாம். அங்கே உட்காரும் மருந்தாளுநர்களுக்கு வலி மருந்துகளைப் பற்றிச் சில நாள் பயிற்சி கொடுக்க, அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் அனுபவமுள்ள மருத்துவர்கள் இருக்கிறார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிப் போகும் வலி நிவாரணச் செவிலியர்களின் தொலைபேசி எண்கள் இந்த மருந்தாளுநர்களிடம் இருக்கட்டும். மார்ஃபின் தேடி வரும் மகனிடம் “இங்கே இல்லை” என்று மட்டும் சொல்லாமல், எந்த அரசு மருத்துவமனையில், யாரைப் பார்த்தால் கிடைக்கும் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.